பாலம் தாண்டினா யோக்கியன்

வா தம்பி, உக்காரு. பசியாறிட்டியா? சிங்கப்பூருக்குப் போயி ரெண்டு நாள் இருந்துட்டு வந்தியாம்ல. நம்ம கம்போங் மேடான் பூரா அதே பேச்சு. நேத்து ராத்திரி மாமாக் கடையில தே தாரேக்கைக் கையில வச்சுக்கிட்டு நீ செஞ்ச பிரசங்கம் என் காதுலயும் விழுந்துச்சு. "அங்கெல்லாம் சிஸ்டம்டா, நம்ம ஆளுங்க உருப்பட மாட்டானுங்க." நல்லாத்தான் பேசுன. பேசி முடிச்சு எந்திரிச்சுப் போனியே, கையைத் தொடைச்ச டிஸ்யூ எங்க கெடந்துச்சு? நாற்காலிக்கு அடியில. நான் பாத்தேன் லா.

கோவிச்சுக்காத. உன்னை மட்டும் சொல்லல. அந்த டிஸ்யூ சிங்கப்பூர்ல உன் சட்டைப் பையிலதானே இருந்திருக்கும்? குப்பைத் தோங்கு கண்ணுல படுற வரைக்கும் பொத்தி வச்சிருந்திருப்ப. அதே கை. அதே டிஸ்யூ. நடுவுல என்ன இருக்கு? ஒரு பாலம். 1924-ல வெள்ளைக்காரன் முறைப்படி தொறந்து விட்டது. நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். அந்த ஒரு கிலோமீட்டர் தாண்டுறதுக்குள்ள மனுசன் யோக்கியனா மாறிடுறான். திரும்பி வர்றப்ப பழையபடி ஆயிடுறான். காசியில முங்குனாக்கூட இம்புட்டுச் சீக்கிரம் பாவம் கழியாதுடா.

என் மக அங்க ஈசூன்ல வாக்கப்பட்டிருக்கா. பேரனைப் பாக்கணும், தீபாவளிக்கு முறுக்கு கொண்டு போவணும்னு நானும் போயிக்கிட்டு வந்துக்கிட்டுத்தான் இருக்கேன். முன்னெல்லாம் ரயிலு. ராத்திரி கோலாலம்பூர்ல ஏறிப் படுத்தா விடியக்காலம் தஞ்சோங் பகார்ல எறங்கலாம். நம்ம ரயிலு அவன் ஊருக்கு நடுவாந்தரம் வரைக்கும் போயிக்கிட்டிருந்துச்சு. 2011 ஜூன் 30-ஆம் தேதியோட அதுக்கு முடிவு கட்டியாச்சு. அன்னிக்குக் கடைசி ரயிலை ஓட்டிக்கிட்டு வந்தது யாருன்னு தெரியுமா? ஜோகூர் சுல்தான். அவருதான் இப்ப நம்ம மாமன்னர். ராஜாவே டிரைவர் வேலை பாத்த கதையைப் பேரன்கிட்டச் சொன்னா, "தாத்தா, அவருக்கு லைசென்ஸ் இருக்கா?"ன்னு கேக்குறான். சிங்கப்பூர்ப் பொறப்பு பாரு.

இப்ப பஸ்ஸு. கம்போங் டத்தோ ஹருண்ல கொமுட்டர் ஏறி, கேஎல் சென்ட்ரல்ல மாறி, பண்டார் தாசிக் செலாத்தான் போயி பஸ் புடிச்சா, ஜோகூர் வரைக்கும் சொகமாத் தூங்கலாம். அதுக்கப்புறந்தான் கூத்து. காடியில போறவனுக்குப் புது வசதி வந்திருக்கு. 2024 மார்ச்சுலேருந்து உட்லண்ட்ஸ்ல பாஸ்போர்ட்டை நீட்ட வேணாமாம். போன்ல கட்டம் கட்டமா இருக்குமே, கியூஆர், அதைக் காட்டுனாப் போதுமாம். மருமகன் வாய் நெறைய சிரிச்சுக்கிட்டு, "மாமா, ஆளுக்குச் சில விநாடி மிச்சம்"னாரு. சரிங்க மாப்ளேன்னேன். அதைச் சொல்லி முடிக்கிறதுக்கும் பாலத்துல எங்க காடி நகர்றதுக்கும் ரெண்டு மணி நேரம் ஆச்சு. மிச்சம் புடிச்ச விநாடியை அவரு எங்க சேத்து வச்சாருன்னு நான் கேக்கல. மாப்பிள்ளைகிட்ட அப்படியெல்லாம் கேக்கப்படாது.

அந்த ரெண்டு மணி நேரத்துல எனக்கு வேற வேலை இல்ல. வேடிக்கை பாப்பேன். நம்ம பக்கம் வர்ற சிங்கப்பூர்க் காடியைப் பாரு. அவன் ஊரைவிட்டு வெளிய வர்றப்ப டாங்குல முக்கால்வாசி பெட்ரோல் இருக்கணும். சட்டம். 1989-ல மொதல்ல பாதி டாங்கு இருந்தாப் போதும்னு வச்சான். ஆளுங்க பாதி டாங்கோட வந்து மீதியை ஜோகூர்ல ரொப்பிக்கிட்டுப் போனானுங்க. 1991-ல முக்கால்னு ஏத்தினான். அடங்குனானுங்களா? மீதி கால் டாங்குக்காகப் பாலத்துல எஞ்சினை ஓட விட்டுக்கிட்டு நிக்கிறானுங்க. நம்ம கவர்மெண்டும் 2010-ல ஒரு சட்டம் போட்டுச்சு. மஞ்சக் குழாயில வர்ற மலிவு பெட்ரோல் வெளிநாட்டுக் காடிக்குக் கெடையாதுன்னு. அதுக்கும் அசரல. ஜோகூர் பெட்ரோல் ஸ்டேசன்ல ஒருத்தன் காடிக்கு ஜாக்கி போட்டு ஒரு பக்கமாத் தூக்கி வச்சு ரொப்புறான். வாட்சப்புல வந்துச்சே, நீயும் பாத்திருப்ப. இன்னொரு கூட்டம் காடியைப் புடிச்சு ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுது. காத்து வெளிய போயி இன்னும் கொஞ்சம் எறங்குமாம்.

இதுல சிரிப்பு என்னான்னா, அந்தக் காடியை வச்சிருக்கிறவன் ஏழை இல்ல. அங்க காடி வாங்குறதுக்கு முன்னாடி உரிமைச் சீட்டு வாங்கணும். ஏலத்துல எடுக்கணும். 1990-லேருந்து அப்படித்தான். 2023-ல சின்னக் காடிக்கான சீட்டு விலைகூட லட்சம் வெள்ளியைத் தாண்டிருச்சு. காடி இல்லடா, சீட்டு மட்டும். அதுவும் 10 வருசத்துக்கு. லட்சம் வெள்ளிக்குக் காயிதம் வாங்குறவன், அஞ்சு வெள்ளி பெட்ரோலுக்கு ஜாக்கியைப் போட்டுத் தூக்குறான். இதுதான் நீ சொன்ன சிஸ்டமா?

அவனையே சொல்லிக்கிட்டு இருந்தா எப்படி? நம்ம ஆளைப் பாரு. விடியக்காலம் நாலு மணிக்கு மோட்டார் எடுத்துக்கிட்டு ஜோகூர்லேருந்து ஆயிரக்கணக்குல கெளம்புவானுங்க வேலைக்கு. இந்தப் பக்கம் இருக்கிற வரைக்கும் செவப்பு வெளக்கு அவன் கண்ணுக்கே தெரியாது. சந்துல பூந்து, வெள்ளைக் கோட்டு மேல ஏறி, என்னென்னமோ செய்வான். அந்தப் பக்கம் சக்கரம் பட்டுச்சோ இல்லியோ, கல்யாண மாப்பிள்ளை கெட்டான். கோட்டுக்குள்ள போறான். வெளக்குக்கு நிக்கிறான். சாயங்காலம் திரும்பி வர்றப்ப ஜோகூர் காத்து மூஞ்சில அடிச்சதும் மறுபடி முறுக்குறான். அதே நேரத்துல எதிர்ப்பக்கம் வர்ற சிங்கப்பூர்க்காரன் என்னா பண்றான்? அவன் ஊர்ல தொண்ணூறுக்கு மேல ஓட்டப் பயந்தவன், நம்ம பிளஸ் ரோட்டுல ஏறினதும் பறக்குறான். ரெண்டு பேரும் பாலத்துல ஒருத்தனை ஒருத்தன் தாண்டிப் போறானுங்க. சட்டையை மாத்திக்கிட்டுப் போறதா எனக்குத் தோணும்.

ஏன் இப்படி? பெரிய ஆராய்ச்சி வேணாம். அங்க அபராதம் போட்டாக் கட்டணும். இங்க 2025 வரைக்கும் சம்மன் போட்டாக் காத்திருந்தோம். எதுக்குன்னா கேக்குற? தள்ளுபடிக்குடா! வருசத்துக்கு ஒருதரம் பாதி விலைக்குச் சம்மன் கட்டச் சொல்லி அறிவிப்பு வந்துக்கிட்டிருந்துச்சு. சனங்க வரிசையில நின்னு கட்டுச்சு. ஒழுங்கா மொத வாரமே முழுசாக் கட்டினவன்தான் ஏமாளி. உங்கப்பன் அப்படிக் கட்டினவன். அவனைக் கேட்டுப் பாரு, இன்னும் வயிறு எரிவான்.

சோத்துக்கடைக்கு வா. அங்க அதை உணவங்காடி நிலையம்னு அழகாத் தமிழ்ல எழுதி வச்சிருக்கான். 2020-ல யுனெஸ்கோ பட்டியல்லயே ஏத்திட்டான். நம்ம ஆளு விடுவானா? 2024-ல நாசி லெமாக்கு, ரொட்டி சானாய், தே தாரேக் எல்லாத்தையும் மூட்டை கட்டி, காலைப் பசியாறலையும் அதே பட்டியல்ல ஏத்தினான். பசியாறுறதுக்கு யுனெஸ்கோ சர்டிபிகேட் வேணும்னு எங்க ஆயாவுக்குத் தெரியாமப் போச்சு. பாவம், அது இல்லாமயே இருட்டோட எந்திரிச்சு எங்களுக்கு ரொட்டி சுட்டுப் போட்டு வெட்டுக்காட்டுக்கு அனுப்பிருச்சு.

மத்தியான வேளையில லாவ் பா சாட் உணவங்காடிப் பக்கம் போயிருக்கியா? ஆபீசு சனம் அலைமோதும். ஒரு மேசையில ஆளே இருக்காது. நடுவுல ஒரு டிஸ்யூ பொட்டலம் மட்டும் இருக்கும். நீ போயி உக்கார முடியாது. அது வேற ஒருத்தன் எடம். ஆளு எங்கயோ கோழிச்சோத்துக்கு வரிசையில நிக்கிறான். பொட்டலம் காவல் இருக்கு. குடையை வப்பான், வேலை அட்டையைக்கூட வச்சுட்டுப் போவான். ஒருத்தன் தொட மாட்டான். எனக்கு மொதல்ல பாத்தப்ப நெஞ்சு அடைச்சுருச்சு தம்பி. நம்ம கம்பத்துல புறம்போக்குல குடிசை போட்டவன் எத்தனை பேரு? பட்டா கேட்டு ஆபீசு ஆபீசா அலைஞ்சு, மனு எழுதி, எலெக்சனுக்கு எலெக்சன் வாக்குறுதி வாங்கி, கடைசியில புல்டோசர் வந்து அடுக்குமாடியில கொண்டு போயி அடைச்சாங்க. அங்க என்னடான்னா எண்பது காசு டிஸ்யூ பொட்டலம் வச்சா நெலம் அவன் பேருக்கு வந்துருது. இந்த வித்தையை அப்பவே எவனாச்சும் சொல்லிக் குடுத்திருந்தா, கம்போங் மேடான் பூரா டிஸ்யூவாப் பரப்பி வச்சிருப்போமே!

ஆனா பாரு, அதே சனம் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்க மாட்டேன்னுச்சு. பல வருசம் கெஞ்சிப் பாத்தான். எழுதி ஒட்டினான். பாட்டாப் பாடினான். நடக்கல. 2021 செப்டம்பர்லேருந்து உணவங்காடியில தட்டைத் திருப்பி வைக்கலேன்னா மொதல்ல எச்சரிக்கை, மறுபடி மாட்டுனா 300 வெள்ளி அபராதம்னான். அன்னிக்கே கை வேலை செய்ய ஆரம்பிச்சுருச்சு. அதுக்கு முன்னாடி என்ன சாக்கு சொன்னானுங்க தெரியுமா? "நாங்க தட்டை எடுத்துட்டா, தொடைக்கிற ஆளுக்கு வேலை போயிரும்." ஆகா, என்னா கரிசனம்! நம்ம ஊர்லயும் இதே பல்லவிதான். மேசை தொடைக்கிறது யாருன்னு திரும்பிப் பாத்திருக்கானா? என் வயசு. முதுகு கூன் விழுந்த சீனக் கெழவி, கையில ஈரத்துணி. எச்சித் தட்டை அந்தக் கெழவிக்கு விட்டு வைக்கிறதுதான் அவளுக்குச் செய்யுற உபகாரமாம்.

நான் வளந்த ரப்பர் தோட்டத்துல எங்களுக்கு எந்தச் சட்டமும் இல்ல. சாப்பிட்ட மங்கைக் கழுவி வைக்கலேன்னா அடுத்த வேளை ஆயா சோறு போடாது. எச்சரிக்கைக் கடுதாசி கெடையாது. ரெண்டாந்தடவை, மூணாந்தடவைன்னு கணக்கு கெடையாது. என் மகளையும் அப்படித்தான் வளத்தோம். இப்ப அவ வீட்டுல தட்டைக் கழுவ இந்தோனேசியாப் பொண்ணு ஒண்ணு இருக்கு. பேரன் சாப்பிட்டு அப்படியே எந்திரிக்கிறான். கடைக்குப் போனா மட்டும் ஓடி ஓடித் தட்டை எடுத்து வைக்கிறான். வீட்டுல ஏன்டா வைக்கலேன்னா, "இங்க ஃபைன் இல்லியே தாத்தா"ங்கிறான். சின்னப் புள்ள, பொய் சொல்லத் தெரியல.

லிப்ட்டுக் கதை ஒண்ணு இருக்கு. கேட்டா நம்ப மாட்ட. வீவக, அதான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அடுக்குமாடியெல்லாம் கட்டிக் குடியேத்தினதும், ஆளுங்க லிப்ட்டுக்குள்ளயே ஒண்ணுக்கு அடிக்க ஆரம்பிச்சுட்டானுங்க. ஆமாம்பா, சிங்கப்பூர்லதான்! 1980-கள்ல அதுக்குன்னு ஒரு கருவியைக் கண்டுபுடிச்சு மாட்டினான். தரையில மூத்திரம் பட்டா மணி அடிக்கும், லிப்ட்டு நின்னுரும், கதவு தொறக்காது. ஆளு வந்து தொறக்குற வரைக்கும் உள்ளேயே, அவன் விட்டதுக்கு நடுவுலயே நிக்கணும். 1989-ல பொதுக் கக்கூசுல தண்ணி ஊத்தாமப் போனா அபராதம்னு சட்டம். நீ பாத்துட்டு வந்து பெருமூச்சு விட்டியே, அந்தச் சுத்தம் வானத்துலேருந்து எறங்கல. மூத்திரத்துக்கு மணி கட்டித்தான் வந்துச்சு.

நம்ம அடுக்குமாடியில அந்தக் கருவி எதுக்குங்கிற? லிப்ட்டு ஓடுனாத்தானே உள்ள போயி எவனாச்சும் அசிங்கம் பண்ண முடியும். மாசக்கணக்கா நிக்குது. நாங்க படியேறி, படியேறி, நெஞ்சு வலிமையா இருக்கோம். அதுவும் ஒரு சிஸ்டந்தான் தம்பி.

மரியாதை சொல்லிக் குடுக்குறதுக்கும் அங்க இயக்கம் இருந்துச்சு. 1979-ல ஆரம்பிச்சான். சிரிங்க, நன்றி சொல்லுங்க, வழி விடுங்கன்னு. 1982-ல அதுக்கு ஒரு சிங்கப் பொம்மையைப் பொறுப்பா வச்சான். சிங்கான்னு பேரு. அந்தச் சிங்கம் முப்பது வருசம் பல்லை இளிச்சுப் பாத்துச்சு. 2013-ல ராசினாமாக் கடுதாசி குடுத்துட்டுப் போயிருச்சு! சத்தியமா. கோவக்கார சனத்தைப் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சுன்னு எழுதி வச்சுட்டுப் போனதாச் செய்தி. இயக்கத்தார் போட்ட விளம்பர நாடகந்தான், இல்லேங்கல. ஆனா ஊர்ல பாதிப் பேரு, "சிங்கத்துக்கு ஞானம் வந்துருச்சு"ன்னு ஒத்துக்கிட்டான். அந்தப் பேச்சுலதான் சூட்சுமம். எடம் விட்ட மனுசனுக்கு நன்றி சொல்றதுக்கு எதுக்குடா சிங்கம்? நாங்க தோட்டத்துல கிராணிக்குக்கூட மனசுக்குள்ள திட்டிக்கிட்டே வணக்கம் சொல்லிருக்கோம். பொம்மை வந்து சொல்லித் தரல.

பொம்மைன்னதும் ஞாபகம் வருது. 2000-ஆம் வருசம் அங்க ஒரு பர்கர் கடையில சாப்பாட்டோட பூனைப் பொம்மை குடுத்தான். ஹலோ கிட்டி. விடிய விடிய வரிசை. தள்ளுமுள்ளு. ஒரு கடையில கண்ணாடிக் கதவு உடைஞ்சு ஆளுங்களுக்குக் காயம். பர்கரை வாங்கி வீசிட்டுப் பூனையை மட்டும் எடுத்துக்கிட்டுப் போனவனும் உண்டு. வரிசையில நிக்கிறது நாகரிகம்னு நீ சொன்னியே, அதுவரைக்கும் சரி. எதுக்கு நிக்கிறான்னும் பாக்கணும் இல்ல?

இப்ப ரெண்டு பக்கமும் ஒரே வரிசை. நட்சத்திரம் வாங்குன கடை. 2016-ல சிங்கப்பூர்ல மிச்லின் புத்தகம் வந்துச்சு. உணவங்காடிக் கோழிச்சோத்துக் கடைக்கு நட்சத்திரம் குத்தினான். சனம் மணிக்கணக்குல நின்னுச்சு. அப்புறம் நம்ம கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் வந்தான். நீகூட ஒரு கடைக்கு முன்னாடி நின்னு படம் புடிச்சுப் போட்டிருந்த. மிச்லின்னா யாரு தெரியுமா உனக்கு? டயர் கம்பெனி. நெசமா லா, காடிக்கு மாட்டுற டயரு. உங்க தாத்தாவும் நானும் இருட்டுல எந்திரிச்சு, பெரட்டுக்கு நின்னு, தலையில வெளக்கைக் கட்டிக்கிட்டு, மரம் மரமா உளி போட்டுப் பால் எடுத்தோம். அந்த மாதிரி பாலை வச்சுத்தான் உலகம் பூரா டயரு செஞ்சான். செஞ்சவன் இன்னிக்கு வந்து நம்ம சோறு நல்லாருக்கா இல்லியான்னு சொல்றான். நம்ம மரத்துப் பால், நம்ம ஊட்டுச் சோறு, மார்க்கு போடுறது டயர்க்காரன். பால் வெட்டுன தோட்டம் எங்கன்னு கேக்குறியா? எபிங்ஹாம் தோட்டத்துக்குப் போயிப் பாரு. அதைத்தான் நீ பண்டார் உத்தாமான்னு சொல்லிக்கிட்டு ஷாப்பிங் போற.

சரி, எல்லாத்தையும் கேலி பண்றேன்னு நெனைக்காத. ஒரு விசயத்துல நான் வாயைத் தொறக்க மாட்டேன்.

மக இருக்கிற புளோக்குக்குக் கீழ காலித் தளம் இருக்கு. ஒருநா காலையில எறங்கி வர்றேன். ஒரு பக்கம் மலாய்க்காரங்க கல்யாணம். கொம்பாங் தட்டுறாங்க, பிரியாணி வாசம் ஆளைத் தூக்குது. நாலு புளோக்கு தள்ளி சீனக் கெழவர் ஒருத்தர் செத்துட்டாரு, பந்தல், ஊதுவத்தி, சாமியாரு மணி அடிக்கிறாரு. ரெண்டுக்கும் நடுவுல நம்ம ஆளு ஒருத்தன் நாயைக் கூட்டிக்கிட்டு நடக்குறான். தூண்ல பர்மிட்டுக் காயிதம் ஒட்டிருக்கு. எந்தத் தேதி, எத்தனை மணி வரைக்கும், எவ்வளவு எடம். ஆத்தாடி, சாவுக்கும் பர்மிட்டான்னு நீ சிரிப்ப. நான் சிரிக்கல.

நீ அப்ப பொறந்திருக்க மாட்ட. இல்லேன்னா தொட்டில்ல கெடந்திருப்ப. 2001 மார்ச் மாசம் நம்ம கம்பத்துல ஒரு பக்கம் கல்யாண வீடு, ஒரு பக்கம் சாவு வீடு. ஒடுக்கமான வழி. ரெண்டு வார்த்தை கூடிப் போச்சு. அதுக்கு மேல வதந்தி. ஆறு உயிர் போச்சுடா. பெரும்பாலும் நம்ம ஆளுங்க. அடிச்சவனும் அடிபட்டவனும் ஒரே ஒட்டுக்கடையில தண்ணி குடிச்சவனுங்க. எல்லாரும் புறம்போக்குல, தகரக் கூரைக்குக் கீழ, ஒருத்தன் வாசல் இன்னொருத்தன் அடுப்படியில முடியுற மாதிரி நெருக்கி நெருக்கி வாழ்ந்தவங்க. எடமே இல்லாதவனுக்கு எடத்தைப் பத்தித்தானே சண்டை வரும்? சிங்கப்பூர்க்காரங்களுக்கும் 2013 டிசம்பர் 8 வந்துச்சு. லிட்டில் இந்தியாவுல பஸ்ஸுல அடிபட்டு ஒரு தமிழ்ப் பையன் செத்தான். கட்டட வேலைக்கு வந்த புள்ள. கூட்டம் கொதிச்சு வண்டியைக் கொளுத்திருச்சு. அப்புறம் 2015-ல, ராத்திரி பத்தரைக்கு மேல பொது எடத்துல குடிக்கக் கூடாதுன்னு சட்டம். அது சரியா, தப்பான்னு ஆயிரம் பேசலாம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் எடம் அளந்து குடுக்குற அந்தத் துண்டுக் காயிதத்தைப் பத்தி மட்டும் எங்கிட்ட நையாண்டி எதிர்பாக்காத.

தமிழுக்கு வருவோமா? நீ அங்க காசு நோட்டுல தமிழைப் பாத்துட்டுப் புல்லரிச்சுப் போனியாம். ரயில் ஸ்டேசன்ல தமிழ்ப் பலகை, அறிவிப்புல தமிழ். இருக்கு. ஆட்சி மொழி நாலுல ஒண்ணு. பெருமைதான். ஆனா என் பேரன் அந்த நோட்டைக் காட்டி, "தாத்தா, இதுல என்ன எழுதிருக்கு?"ன்னு இங்கிலீசுல கேக்குறான். தமிழ் வழிப் பள்ளிக்கூடம்னு அங்க ஒண்ணும் இல்ல. கடைசியா இருந்த உமறுப் புலவர் பள்ளியை 1982-லயே மூடியாச்சு. நமக்கு நோட்டுல எடம் இல்ல, ஐந்நூத்துச் சொச்சம் தமிழ்ப்பள்ளி இருக்கு. அவனுக்கு 1935-லேருந்து தமிழ் முரசு வந்துக்கிட்டிருக்கு. நமக்கு 1924-ல வந்த தமிழ் நேசன் 2019-ல மூச்சை விட்டுருச்சு. யாரு படிச்சா? உங்கப்பன் பேப்பர்ல வடை எண்ணெய் பிழிஞ்சான். பள்ளிக்கூடம் கையில இருக்கேன்னு நாம காப்பாத்துறோமா? உன் அக்கா தன் புள்ளையைச் சேத்த பள்ளிக்கூடத்துல மாசச் சம்பளத்துல பாதியைக் கட்டுறா. தமிழ்ப்பள்ளி நடக்குற தூரத்துல இருக்கு. கேட்டா, "அங்க ஸ்டாண்டர்ட் இல்ல தாத்தா." அவ படிச்சதே அங்கதான். இப்ப ஸ்டாண்டர்ட் பேசுறது யாராம்?

தைப்பூசத்துக்கு ஒருதரம் அங்க இருந்தேன். லீவு கெடையாது. 1968-லயே பொது விடுமுறைப் பட்டியல்லேருந்து எடுத்துட்டான். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்லேருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரைக்கும் ஊர்வலம். மூணு நாலு கிலோமீட்டர். காவடிக்கு முன்பதிவு, நேரம் குறிச்ச சீட்டு. மேளதாளத்துக்கு 1973-லேருந்து தடை இருந்துச்சு. 2016-லேருந்துதான் சில எடத்துல மட்டும் நேரடி வாசிப்புக்கு விட்டான். ரோடு பளபளன்னு இருக்கு. பால்குடம் சிந்துனா உடனே துடைக்க ஆளு. நானும் பாத்துக்கிட்டே வந்தேன். காவடி தூக்கிட்டு ஒரு பையன் வர்றான். ஒடம்பு பூரா வேல். உறுமி இல்ல. பக்கத்துல அவன் கூட்டாளிங்க வாயாலயே தாளம் போட்டுக்கிட்டு வர்றானுங்க. டண்டணக்கு டண்டணக்குன்னு, தொண்டை கட்ட. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, என்னமோவும் வந்துச்சு.

அந்தப் பசங்களே அடுத்த வருசம் பத்துமலைக்கு வந்து நின்னானுங்க. துன் எச் எஸ் லீ ரோட்டுலேருந்து வெள்ளி ரதம் ராத்திரியோட கெளம்பி, விடிய விடிய வந்து சேருது. பத்து கூட்டம் உறுமி ஒரே நேரத்துல அடிக்குது. எவன் எந்தத் தாளத்துக்கு ஆடுறான்னு முருகனுக்கே வெளங்காது. சிங்கப்பூர்ப் பையன் மெய் மறந்து ஆடுறான். ஆடிட்டு, தண்ணி குடிச்ச பிளாஸ்டிக் போத்தலைத் தரையில போட்டுட்டு 272 படி ஏறப் போயிட்டான். பாலம் தாண்டி வந்துட்டான்ல? 2006-லேருந்து அந்தச் சாமி 140 அடி ஒசரத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு. ஆனா அவரு சம்மன் எழுதுறதில்ல.

எனக்கு எது வேணும்னு கேட்டா, உறுமி இங்கேருந்து, விளக்குமாறு அங்கேருந்து. ரெண்டும் ஒரே எடத்துல கெடைக்காதான்னு மருமகன்கிட்டக் கேட்டேன். "அதுக்கு ரெண்டு கவர்மெண்டும் பேசணும் மாமா"ன்னாரு. விளக்குமாறு எடுக்குறதுக்கு எதுக்குப்பா ரெண்டு கவர்மெண்டு?

சரி, அடுத்த வாரம் மறுபடி போறியாமே. வேலைக்கு இன்டர்வியூன்னு உங்கம்மா சொன்னா. போ. நல்லாப் போ. 1973 வரைக்கும் ரெண்டு ஊர்க் காசும் ஒத்தைக்கு ஒத்தையா ஓடுச்சு. இப்ப அவன் ஒரு வெள்ளிக்கு நம்ம மூணு வெள்ளிக்கு மேல. உன் வயசா இருந்தா நானும் மோட்டாரை எடுத்திருப்பேன். அங்க வேலை கெடைச்சதும் நம்ம ஊர்க்காரனைப் பாத்து மூக்கைச் சுருக்காத, அது மட்டும் போதும். வர்றப்ப கோடாலித் தைலம் வாங்கிக்கிட்டு வராத. மஸ்ஜித் இந்தியாவுல அதே தைலம் விக்கிது. அங்க வாங்குனாத்தான் காரம்னு உங்கம்மா நம்புறா, நீயும் நம்பாத. ஈசூன் பக்கம் போனா என் மகளைப் பாத்து, தாத்தா நல்லாருக்காரு, படியேறுறாருன்னு சொல்லு. லிப்ட்டைப் பத்திச் சொல்லாத. காசு அனுப்புவா.

அப்புறம், பொழுதுக்கும் வாயில என்னத்தைப் போட்டு மெல்லுற? சுவிங்கமா? 1992-லேருந்து அந்த ஊருக்குள்ள அதைக் கொண்டு போய் விக்க முடியாது தெரியுமில்ல. புது ரயிலு விட்டப்ப கதவுல ஒட்டி வச்சுக் கதவே மூடாமப் பண்ணானுங்க, மொத்தமா நிறுத்திட்டான். பையில பொட்டலம் இருந்தா இங்கயே எறக்கி வை. வாயில இருக்கிறதையும் துப்பிட்டுப் போ. டேய் டேய், இங்க இல்ல! அந்தா தோங்கு. என் வாசல்ல துப்புனா தள்ளுபடி கெடையாது.